டேபிள் ஆபீசுக்கு வந்த பெண் வீட்டார்

ஏசி எப்படிப் போடுவது, நெட் போனால் யாரைக் கூப்பிடுவது, சாவி எங்கே தொங்கும், இதெல்லாம் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு வேறு யாராவது சொல்வார்கள். சுவரிலும் ஒட்டியிருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். முட்டி வலி, ரொம்ப நேரம் உட்கார முடியாது.

நான் எட்டாவது வரை படித்தவள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை மடித்தேன். அது மூடியதும் ராயபுரத்தில் ஒரு முஸ்லிம் பாயின் குடோனுக்குப் பெருக்க வந்தேன். துறைமுகத்தில் இறங்குகிற சரக்கை வைக்கும் குடோன். பிறகு சரக்கெல்லாம் ஊருக்கு வெளியே பெரிய யார்டுகளுக்குப் போய்விட்டது. காலியாகக் கிடந்த குடோனில் பாய் மேசை போட்டார், ஏசி வைத்தார், நெட் இழுத்தார். கோ-ஒர்க்கிங் என்று வாசலில் எழுதினார். தெருவில் ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை. டேபிள் ஆபீஸ் என்றார்கள்.

பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பாய் என்னைக் கூப்பிட்டார்.

“ஆம்பள உக்காந்தா பொண்ணுங்க வராதும்மா. நீ உக்காரு.”

உட்கார்ந்தேன். முட்டி போகும் வரை உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் எல்லாம் வீட்டில் இடமில்லாதவர்கள். ஒரே அறையில் அப்பா டிவி பார்ப்பார், தம்பி தூங்குவான், அம்மா நைட்டியோடு கேமராவுக்குப் பின்னால் நடப்பாள். அங்கே உட்கார்ந்து எப்படி வெளிநாட்டுக்காரனோடு பேசுவது? அதற்காக வந்தார்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு என்று வந்தார்கள்.

கம்யூனிட்டி வளர்க்க வேண்டும் என்று உங்களுக்கு ட்ரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள். நாங்களும் மாதா மாதம் கேக் வெட்டினோம். கேக்கைத் தின்றுவிட்டு அவரவர் மேசைக்குப் போனார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேச ஆரம்பித்தது ஒரு சண்டைக்குப் பிறகுதான். ஏசி அறையில் யாரோ வஞ்சிரம் மீன் டப்பாவைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். மீன் கூடாது என்று எழுதி ஒட்டச் சொன்னார். பாயிடம் கேட்டேன். “ராயபுரத்துல உக்காந்துகினு மீன் கூடாதுன்னா எழுதுவ?” என்றார். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு ஒரு நீள மேசை போட்டுக் கொடுத்தார். மூக்கைப் பொத்தியவரும் அங்கேதான் வந்து தயிர் சாதம் சாப்பிட்டார். அதற்கப்புறம் கேக் வாங்கவில்லை.

பாய் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தார் என்று வையுங்கள். ஆரம்ப நாளில் ஒருத்தர் வந்து, தன் தங்கை பெயர் சொல்லி, இங்கே வருகிறாளா என்று கேட்டார். நல்ல பெண். தினம் வருகிறாள், ஒழுங்காக வேலை செய்கிறாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பாய் தலையை ஆட்டி நிறுத்தினார். அவர் போன பிறகு சொன்னார்.

“மேசைதான் வாடகைக்குக் குடுக்குறோம். ஆளப் பத்தித் தகவல் குடுக்கல. கெட்டது சொல்லாதே. நல்லதும் சொல்லாதே. இன்னிக்கு ஒருத்தர நல்லவங்கன்னு சொல்லிட்டா, நாளைக்கு நீ வாய மூடிக்கினு இருந்தா அது கெட்டதுன்னு ஆயிடும்.”

அதைக் கேட்கும்போது சுலபமாக இருந்தது. தினா விஷயம் வந்தபோதுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது.

தினா வியாசர்பாடிப் பையன். முழுப் பெயர் தினகரன். வெளிநாட்டில் வீடு விற்கிற ஏஜெண்டுகள் போட்டோ அனுப்புவார்கள். இவன் அதைச் சரி செய்து அனுப்புவான். மேகம் மூடிய வானத்தை நீலமாக்குவான். காய்ந்த புல்லைப் பச்சையாக்குவான். வாசலில் நிற்கும் குப்பைத் தொட்டியை எடுத்துவிடுவான். அவனுக்கென்று மேசை எடுக்கவில்லை. எது காலியோ அதில் உட்காருவான். வேலை வருகிற நேரத்துக்கு வருவான்.

அவனுக்குக் காலடிப்பேட்டையில் பெண் பார்த்தார்கள். போட்டோ பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. போனில் பேசியும் பிடித்துவிட்டது. இனி விசாரிக்க வேண்டும். விசாரித்த பிறகுதான் குடும்பத்தோடு நேரில் பார்ப்பது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மாப்பிள்ளையை விசாரிப்பது அவன் வீட்டுத் தெருவில் இல்லை. கம்பெனி கேட்டில். ஷிப்ட் விடும் நேரத்துக்குப் போய் நிற்பார்கள். செக்யூரிட்டியைக் கேட்பார்கள். எதிர் டீக்கடையைக் கேட்பார்கள். பர்மனென்டா, கான்ட்ராக்டா? லீவு போடுகிறவனா? யாரோடு சேர்ந்து டீ குடிக்கிறான்? கேட் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

எங்களுக்கு ஏது கேட்? யாரோ வந்து எதிர் டீக்கடை முருகேசனைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முருகேசன் அதைப் பெருமையாக என்னிடம் வந்து சொன்னான்.

“ஒரு பெரியவரு வந்தாருக்கா. தினா இன்னா வேலை பண்றான்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? ஒரு நாளு மதியானம் வரான், ஒரு நாளு சாயங்காலம் வரான். ஒரு நாளு ஜன்னலாண்ட குந்திகீறான், ஒரு நாளு கதவாண்ட. அவனுக்குன்னு ஒரு எடமே இல்ல நைனான்னு சொன்னேன்.”

“ஏன்டா அப்டி சொன்னே?”

“பொய்யா சொன்னேன்?”

பொய் இல்லை. அதுதான் தொல்லை. உங்கள் ரிசப்ஷன் வாசலுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். அது எதிர் டீக்கடையில் இருக்கிறது.

பெண் வீட்டில் இழுபறி ஆகிவிட்டது. டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போனவர் பெண்ணின் பெரியப்பா. உட்கார இடமில்லாதவனுக்கா பெண் கொடுப்பது என்று கேட்டாராம். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தினா இரண்டு நாள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. அந்தப் பெண்ணை அவன் மனசுக்குள் வைத்துவிட்டான். பார்த்தாலே தெரிந்தது.

நஸ்ரின் என்று ஒரு மெம்பர். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறவள். வாய்க்காரி. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். கதவு போட்ட தனி அறை ஒன்று வைத்திருந்தோம், அதைக் காட்டினாள்.

“அந்தக் கேபின் காலியாத்தானே இருக்கு அக்கா? ஞாயித்துக்கிழம தினாவுக்குக் குடுங்க.”

கொடுத்தேன். வாடகை கொடுத்தால் யாருக்கும் கேபின் உண்டு. அதில் தப்பில்லை. மறுநாள் பாரிமுனையில் செய்யக் கொடுத்து ஒரு போர்டு வாங்கி வந்தாள். பித்தளை மாதிரி மின்னும். ‘தினகரன், நிர்வாக இயக்குநர்’ என்று எழுதியிருந்தது.

“அவங்க கேட்டா, தினாதான் முதலாளின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க அக்கா.”

“சொல்ல மாட்டேன்.”

“அப்போ இல்லேன்னு சொல்வீங்களா?”

“அதுவும் சொல்ல மாட்டேன்.”

“உங்களோட பெரிய பேஜாரு.”

சனிக்கிழமை காலை ஒரு பெரியவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் டிபன் கேரியர். வலது கை ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு மேசை வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் எதுவும் கொண்டுவரவில்லை. சரி, பேர் சொல்லுங்கள் என்றேன்.

“ஏகாம்பரம். காலடிப்பேட்டை.”

தினா அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கிறான். பெண்ணின் அப்பா.

அவர் பெயரை மறைக்கவில்லை. நானும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

“எத்தினி ஷிப்டும்மா இங்க?”

“ஷிப்ட் இல்லீங்க.”

“பஞ்ச்சு கார்டு?”

“அதுவும் இல்லீங்க.”

“கேன்டீனாவது கீதா?”

“மாடில சாப்புடலாம்.”

“உம்” என்றார். கேபினுக்கு எதிர் மேசையில் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

கொஞ்ச நேரத்தில் தினாவும் நஸ்ரினும் போர்டு மாட்ட வந்தார்கள். அவர் தினாவைப் போட்டோவில் பார்த்திருக்கிறார். தினா அவரைப் பார்த்ததில்லை. தினாவை ஒரு நிமிஷம் தனியாகக் கூப்பிட்டு, வாயை மூடு, அவர்தான் உன் மாமனார் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அவரும் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவர். ஒரு நாளைக்கு மட்டும் வந்தாலும் மெம்பர் மெம்பர்தான். தினாவைப் பற்றி அவரிடம் சொல்லமாட்டேன் என்றால், அவரைப் பற்றி தினாவிடமும் சொல்லக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் அது ஒழுங்கு. என் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன்.

“இன்னும் மேல தூக்கு” என்றாள் நஸ்ரின்.

“எவ்ளோ மேல? பொண்ணோட அப்பா இன்னா ஒட்டகமா?”

பேப்பர் அசையவில்லை.

“சரி, இப்போ எம்.டி. மாதிரி உட்காரு, பாப்போம்.”

“எம்.டி. எப்டி குந்துவான்?”

“சாஞ்சி உட்காருவான். காலை ஆட்டாதே. எம்.டி. கால் ஆட்ட மாட்டான்.”

“மாமனாரு உள்ள வந்தா எய்ந்து நிக்கணுமா, குந்தினே இருக்கணுமா?”

“எழுந்தா எம்.டி. இல்லேன்னு கண்டுபிடிச்சிடுவாரு.”

“குந்தினே இருந்தா திமிரு புட்ச்சவன்னு பூடுவாரே!”

பேப்பர் மடிந்தது. பெரியவர் எழுந்து வந்தார். போர்டைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

“கோணையா கீது.”

“அப்டியா நைனா? அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்களேன்” என்றான் தினா.

பிடித்தார். பாதி விரலால் விளிம்பைத் தடவி மட்டம் பார்த்தார். “எடது பக்கம் எறக்கு. இன்னும். அவ்ளோதான். ஒத்த ஸ்க்ரூல நிக்காது, ரெண்டு போடு.” தினா இரண்டு போட்டான். அவர் பின்னால் நகர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். “நிர்வாக இயக்குநர். யாருப்பா அது?”

“நான்தான் நைனா. நாளைக்கு ஒரு நாளு மட்டும்.” தினா சிரித்தான். “பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க.”

“ஓ” என்றார். போய் மறுபடி பேப்பரை விரித்தார்.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் என்னிடம் நின்றார்.

“எல்லாம் தெரிஞ்சிகினு கம்முனு இருந்தியேம்மா.”

“இன்னிக்கு நீங்களும் மெம்பருங்க.”

“பையன் எப்டி?”

“சொல்றதில்லீங்க.”

“நல்லவன்னு ஒரு வார்த்த?”

“அதுவும் சொல்றதில்லீங்க.”

முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“என் பொண்டாட்டி வூட்ல என்னிய விசாரிக்க வந்தப்போ நான் கான்ட்ராக்ட்டு. கேட்ல இருந்தவரு பர்மனென்ட்டுன்னு சொல்ட்டாரு. தோஸ்துங்கல்லாம் ஆமாம் ஆமாம்னாங்க. பர்மனென்ட் ஆவறதுக்குள்ள ரெண்டு பொண்ணு பொறந்துட்ச்சு.” கேரியரைக் கை மாற்றினார். “நாளைக்கு எங்க அண்ணன் வருவான். அவன் சொல்றதுதான் முடிவு. நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெரியப்பா முன்னால், பெண்ணின் அம்மா அவருக்குப் பின்னால், கடைசியில் ஏகாம்பரம். கேபினில் தினா சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஏகாம்பரத்தைப் பார்த்ததும், நேற்றுப் போர்டு பிடித்தவர் யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றான். ஏகாம்பரம் அன்றைக்குத்தான் முதல் முறை வருகிறவர் மாதிரி ஏசியை அண்ணாந்து பார்த்தார். நஸ்ரின் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு டீ கொண்டுவந்து வைத்தாள்.

பெரியப்பா உட்காரவில்லை. டீயைத் தொடவில்லை. போர்டைப் படித்தார். வெளியே மேசைகளைப் பார்த்தார். நேராக என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீதான இங்க எல்லாம் பாத்துக்கறவ? இந்தத் தம்பிதான் இதுக்கு மொதலாளியா?”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்றால், என் பேச்சை நம்பி ஒரு பெண் ஒரு வீட்டுக்குப் போவாள். இல்லை என்றால், என் மேசையில் உட்கார்ந்திருக்கிறவனை நானே வெளியே தள்ளிய மாதிரி. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். அப்போது ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று நாக்கு துடிக்கும். விடாதீர்கள். யார் பதில் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு அந்த இடத்தைக் காலியாக வையுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பெரியப்பா இன்னொரு தரம் கேட்டார். அப்போதும் நின்றேன்.

“இல்ல பெரிப்பா” என்றான் தினா.

பெரியப்பா திரும்பினார்.

“நான் இங்க வாடகைக்கு வந்து உக்கார்றவன். எனக்குன்னு மேசை கூட இல்ல. இந்தக் கேபினு இன்னிக்கு மட்டும்தான். போர்டு நேத்து மாட்னது.”

“யார் மாட்னது?”

தினா ஏகாம்பரத்தைப் பார்த்தான். ஏகாம்பரம் தன் செருப்பைப் பார்த்தார்.

“நான்தான் மாட்னேன்” என்றான் தினா.

ஒரு கூட்டம் சேர்ந்து செய்ததை அவன் ஒருத்தன் தலையில் வாங்கிக்கொண்டான். ஏகாம்பரம் தலை தூக்கினார். அப்போதுதான் அவர் தினாவை நன்றாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

பெண்ணின் அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது புருஷனைப் பார்த்துச் சிரித்தார்.

“இவனாவது தாலி கட்றதுக்கு முன்னாடியே சொல்ட்டான். செல பேரு ரெண்டு புள்ள பெத்தப்பறம் சொன்னாங்க.”

“ஏய், சும்மா இரு” என்றார் ஏகாம்பரம்.

“நான் சும்மாதான் இருந்தேன், இத்தினி வருசமா.” தினா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீ இன்னாதான் பண்ற? காட்டு.”

தினா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். எங்கேயோ ஒரு வீடு, மேலே சாம்பல் வானம். ஒரு தட்டு தட்டினான். வானம் நீலமானது. குப்பைத் தொட்டி காணாமல் போனது.

“அட! எங்க வூட்டு மாடிலேர்ந்து பாத்தா அனல்மின் நிலையத்துப் பொகதான் தெரியும். அத எட்த்துடுவியா?”

“எட்த்துடலாம் அத்தே.”

“போட்டோவுலதானே எடுப்பான்” என்றார் பெரியப்பா. “ஒரு எடத்துல குந்தாதவனுக்குப் பொண்ணு குடுத்துட்டு நாளைக்கு யார் கேக்கறது? வாங்க போலாம்.”

போனார்கள். தினா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நஸ்ரின் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற பார்வை. நான் டீ கிளாஸ்களை எடுத்தேன். வேறு என்ன செய்வது?

கொஞ்ச நேரம் கழித்து ஏகாம்பரம் மட்டும் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. ரோட்டு முனையிலிருந்து வேகமாக நடந்து வந்திருக்கிறார்.

“தே பாரு. எங்க அண்ணன் என்னியும் கேக்க மாட்டான். உன்னியும் கேக்க மாட்டான். மறுபடி இந்த டீக்கடையாண்டதான் வந்து கேப்பான். ஒரே எடத்துல குந்து. காலைல ஒம்போதுன்னா ஒம்போது. ஊரு பாக்கணும்.”

“எனக்கு வேலையே மதியானத்துக்கு மேலதான் மாமா வரும். அப்பத்தான் அவுங்களுக்கு விடியும்.”

“விடியட்டும். நீ ஒம்போதுக்கு வா. என் பொண்ணு காத்துகினு கீறா.”

தினா மறுநாளே ஜன்னல் பக்கத்து மேசையை மாதத்துக்கு எடுத்தான். ஒன்பது மணிக்கு வந்தான். மழையிலும் வந்தான். கன்டெய்னர் லாரி ரோட்டை அடைத்த நாளில் நடந்து வந்தான். பெரியப்பா வந்து கேட்டார் என்று முருகேசன் சொன்னான். இந்தத் தரமும் அவன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். ஒரே மேசை, ஒரே நேரம், தவறுவதில்லை. கல்யாணம் நடந்தது. பெரியப்பா முன் வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்தார். நானும் நஸ்ரினும் இரண்டாவது பந்தியில் சாப்பிட்டோம்.

பெரியப்பா இன்னும் அந்தப் பக்கம் போகும்போது டீ குடிக்க நிற்பார். அதனால் தினா இன்னும் ஒன்பது மணிக்கு வருகிறான். ராத்திரி வெகு நேரம் வேலை பார்த்தவன். வந்ததும் பையை வைத்துவிட்டு மேசையில் தலையைச் சாய்ப்பான். மதியம் வரை அப்படியே தூங்குவான்.

மேசையில் தூங்கக்கூடாது என்று உங்களுக்கு ட்ரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள். இவனை எழுப்பாதீர்கள். அந்த ஜன்னல் திரையை மட்டும் பாதி இழுத்து விடுங்கள். டீக்கடையிலிருந்து பார்த்தால் முதுகு தெரிய வேண்டும். தலை சாய்ந்திருப்பது தெரியக்கூடாது.